கொள்ளைநோய்க் காலமும் நம் மேற்குப் புறநகரும்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் வரலாற்றை எழுதி முடித்துவிடுகின்றனர். அடிக்கல்லை மந்திரித்த ஆயர் யார், மணிக்கூண்டுக்கு நன்கொடை அளித்த புரவலர் யார், மாதா கெபி எந்த ஆண்டில் எழும்பியது என்பனவெல்லாம் தவறாமல் அச்சேறும். இப்பொன்விழா மலரிலும் அவை உரிய பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. ஆயினும் இந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரே ஒருமுறை நம் கோயிலின் வாயில் ஐந்து மாதங்களுக்கு மேலாக இறைமக்களுக்கு அடைபட்டுக் கிடந்ததே, அந்த வரலாற்றை எங்கே எழுதுவது? நோய் நாளுக்கு நாள் பெருகியபோது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழ்ந்த மக்கள் எதற்கு அஞ்சினர், யாரைப் பழித்தனர், யாருக்கு வழி மறித்தனர், யார் துணிந்து முன்வந்தனர் என்பதை இப்போதே எழுதி வைக்காவிட்டால், நூற்றாண்டு விழா மலர் எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அது கட்டுக்கதை போலத் தோன்றும். ஆகவே அதனை அலங்காரமின்றி எழுத முற்படுகிறோம்.

கொள்ளைநோயைக் கண்டு மக்கள் நிலைகுலைவது புதிதன்று. 1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் தலைகாட்டியது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடு புகுந்து சோதனையிட்டோரை மக்கள் நோயைவிட மிகுதியாக வெறுத்தனர். புனே நகரில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 இரவு சுடப்பட்டது அவ்வெறுப்பின் விளைவே. பின்னர் 1918-இல் இன்புளூயன்சா வந்தது. இந்தியாவில் மாண்டோர் ஒரு கோடிக்கும் மேல் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டுமே இந்நாட்டின் மக்கள்தொகை பெருகாமல் குறைந்தது என்பதொன்றே அதன் கொடுமைக்குச் சான்று.

இவையெல்லாம் ஏட்டில் படித்தவை. நம் மூத்தோர் கண்ணால் கண்டது பெரியம்மை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். கிறிஸ்தவ வீடுகளிலும் வேப்பிலைக்குக் குறைவிருந்ததில்லை. கூடவே புனித செபஸ்தியாருக்கு ஒரு நேர்ச்சையும் இருக்கும். வேப்பிலை கண்ட வீட்டுக்குள் வெளியார் நுழையமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டாரை யாரும் இழித்துப் பேசியதில்லை. வாசலோடு நின்று, என்ன வேண்டும் என்று கேட்டு, கூழோ இளநீரோ வைத்துவிட்டுப் போவார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. வேப்பிலை தேவைப்படாமற் போனதில் மகிழ்ச்சியே. ஆனால் வேப்பிலைக்குப் பின்னால் இருந்த பண்பும் உடன் போய்விட்டதோ என்று 2020-இல் ஐயுற நேர்ந்தது.

கேரளத்தின் திருச்சூரில் 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். தமிழகத்தில் மார்ச் 7 அன்று. ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் அவர். மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் இதனை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அப்போதும் நம் பகுதியில் இது விமானத்தில் வருவோரின் நோய் என்ற எண்ணமே இருந்தது. பூந்தமல்லியில் உள்ள பொதுச் சுகாதார நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளைத் தனிமைப்படுத்தித் தங்கவைத்தபோதுதான், நோய் நம் நெடுஞ்சாலை ஓரத்திற்கே வந்துவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறாகிய மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மாலை ஐந்து மணிக்கு வாசல்தோறும் நின்று கைதட்டினர். தாம்பாளத்தைத் தட்டியவர்களும் உண்டு. இரண்டொரு நாளில் நாடு முழுவதும் அடைபட்டது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. குருத்தோலைப் பவனி இல்லை. அன்றிரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்துத் திரி ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்காத் திருவிழிப்புக்கென்று வாங்கி வைத்திருந்த மெழுகுதிரிகள் ஒரு வாரம் முன்னதாகவே மொட்டைமாடிகளில் எரிந்தன. கைதட்டியவர்களும் திரி ஏற்றியவர்களும் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நன்றி கூறவே அவ்வாறு செய்தனர். இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அடுத்த பதினான்கு நாள்களில் நடந்தது முற்றிலும் வேறு.

அந்நாள்களில் மாலை ஆறு மணி என்பது மூவேளைச் செபத்திற்குரிய நேரமாக இல்லாமல் எண்ணிக்கை கேட்கும் நேரமாகிவிட்டது. சுகாதாரச் செயலர் பீலா ராஜேஷ் தொலைக்காட்சியில் தோன்றுவார். இன்று இத்தனை பேர், சென்னையில் இத்தனை, திருவள்ளூர் மாவட்டத்தில் இத்தனை என்று வரும். மார்ச் 31 அன்று மாநிலத்தில் மொத்தம் 124. உயிர்ப்பு ஞாயிறாகிய ஏப்ரல் 12 அன்று 1,075. ஜூலை 3 அன்று ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணைச் சொன்னார்கள், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சாதாரணக் குடும்பத்தார் என்ன செய்யவேண்டும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைத் தெருவுக்கு வந்து சொல்வார் எவருமில்லை. சொல்லக்கூடியவர்களும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். அவ்விடத்தைக் கைப்பேசி நிரப்பியது. கைப்பேசியில் வந்ததில் பாதி கஷாயம், பாதி அவதூறு.

அவதூறுக்கு முதலில் இலக்கானோர் முஸ்லிம் சகோதரர்கள். தில்லி நிஜாமுதீனில் நடந்த சமய மாநாட்டுக்குச் சென்று திரும்பியோர் பலருக்கு நோய் இருந்தது உண்மையே. ஆனால் அங்கே போகாத, அந்த மாநாட்டின் பெயரையே அறியாத கடைக்காரரிடமும் பழம் வாங்காதே என்று செய்தி சுற்றியது. அரசு அறிக்கைகளே பிறகு அம்மாநாட்டைப் பெயர் சுட்டாமல் ‘ஒரே மூலம்’ என்று மட்டும் குறிக்கத் தொடங்கின. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார் பலியாடுகளாக்கப்பட்டனர் என்று கூறி அவர்கள் மீதான வழக்குகளைத் தள்ளியது. தீர்ப்பு வந்த செய்தி, அவதூறு சென்ற வேகத்தில் ஒருநாளும் செல்வதில்லை.

அடுத்து, வாசலில் ஒட்டிய தாள். நோயுற்றோர் வீட்டிலும் பயணம் செய்து திரும்பியோர் வீட்டிலும் உள்ளாட்சிப் பணியாளர் வந்து எச்சரிக்கைத் தாளை ஒட்டினர். சில இடங்களில் தகரத்தைக் கொண்டு தெருவையே அடைத்தனர். நோக்கம் தவறென்று சொல்ல மாட்டோம். ஆனால் வேப்பிலை, உள்ளே ஒரு நோயாளி இருக்கிறார், பார்த்து நடந்துகொள்க என்றது. இந்தத் தாளோ, இவர்கள் குற்றவாளிகள் என்று சொல்வதாக மக்கள் எடுத்துக்கொண்டனர். தாள் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் வருவதில்லை. தாளைக் கிழித்தபின்னும் வாரக்கணக்கில் வருவதில்லை. சோதனைக்குப் போனால் தாள் ஒட்டுவார்கள் என்று அஞ்சிக் காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு. அவ்வாறு மறைத்ததால் வீட்டு முதியவரை இழந்தவர்களும் உண்டு. வீட்டு வாசலில் இத்தகைய தாள்களைப் பொதுவாக ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்றுதான் கூறியது.

இனி, எழுதக் கைகூசும் பகுதிக்கு வருகிறோம்.

ஏப்ரல் 13, உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள். ஆந்திராவின் நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சென்னையின் தனியார் மருத்துவமனையொன்றில் கொரோனாவால் இறந்தார். தகனம் செய்வதற்காக உடல் அம்பத்தூர் மயானத்திற்குக் கொண்டுவரப்பட்டது. செய்தி பரவியது. அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து எதிர்த்தனர். மயானப் பணியாளர்களும் அஞ்சி ஒதுங்கினர். உடல் அங்கிருந்து திருப்பி எடுத்துச் செல்லப்பட்டு வேறோரிடத்தில் தகனமாயிற்று. தம் ஊரிலிருந்து நூறு கல்லுக்கு அப்பால் இறந்த ஒரு மருத்துவருக்கு நம் ஊர் மயானத்தில் ஒரு மணி நேர நெருப்பு கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் 19. திருச்சபை இறை இரக்க ஞாயிறாகக் கொண்டாடும் நாள். அன்று சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் காலமானார். வயது 55. நோயாளிகளிடமிருந்து தொற்றியதாகக் கருதப்பட்ட அதே நோய். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தம்மை அடக்கம் செய்யவேண்டுமென்பது அவர் விருப்பம் என்று அவர் துணைவியார் பின்னர் கூறினார். அங்கே கூட்டம் கூடிவிட்டதால் உடலை வேலங்காட்டு இடுகாட்டிற்கு எடுத்துச் சென்றனர். அந்த இடுகாடு இருப்பது நியூ ஆவடி சாலையில், அதாவது நம் ஊரின் பெயரைத் தாங்கிய சாலையில். குழி தோண்டும் வேளையில் கூட்டம் கல்லும் கட்டையுமாகப் பாய்ந்தது. அவசர ஊர்தியின் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநர் முதலானோர் காயமுற்றனர். துணைவியாரும் மகனும் தம் கணவரின், தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணாமலே அங்கிருந்து ஓடவேண்டியதாயிற்று. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனை உதவியாளர் இருவரை மட்டும் துணைக்கொண்டு, காவலர் பாதுகாப்புடன் திரும்பி வந்து, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். ஒரு குரு இல்லை. ஒரு செபம் சொல்ல நேரமில்லை.

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்றது. மைய அரசு ஏப்ரல் 22 அன்று, 1897-ஆம் ஆண்டின் அந்தப் பழைய கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை என அவசரச் சட்டம் பிறப்பித்தது. தமிழக அரசு ஏப்ரல் 26 அன்று 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது. மருத்துவரின் துணைவியார் நீதிமன்றப் படியேறினார். உடலை எடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்யலாம் என்று தனி நீதிபதி 2021 மார்ச் 31 அன்று தீர்ப்பளித்தார்.

கல்லெறிந்தவர்கள் யார்? அரக்கர்கள் அல்லர். இரண்டு வாரங்களுக்கு முன் மொட்டைமாடியில் மருத்துவர்களுக்காகத் திரி ஏற்றிய அதே தெருக்களின் மனிதர்களே. இவ்வளவு மூர்க்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், அச்சமும் அறியாமையும் கைகோத்து நிற்பதைக் காணலாம். மைய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்றே இறந்தோர் உடலைக் கையாளும் முறையைச் சுற்றறிக்கையாக வெளியிட்டிருந்தது. கசியாத பையில் வைத்து முறைப்படி எடுத்துச் சென்று புதைத்தாலும் எரித்தாலும் ஊராருக்குக் கேடில்லை, சாம்பலால் தீங்கில்லை, உறவினர் முகம் பார்க்கலாம், தொடலாகாது, கூட்டம் கூடலாகாது, அவ்வளவே. அச்சுற்றறிக்கை வெளிவந்து ஒரு மாதத்திற்குப் பிறகுதான் அம்பத்தூரில் வழி மறித்தனர். தில்லியில் அச்சான தாள் அம்பத்தூர் மயானத்தின் வாயிலுக்கு வந்து சேரவில்லை. மாலை எண்ணிக்கை மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

மற்றொன்றும் உண்டு. மக்கள் கண்டது என்ன? அடையாளம் தெரியாதபடி தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிந்த நால்வர், இருட்டில், யாருக்கும் சொல்லாமல் வந்து இறங்கினர். எதையோ மறைக்கிறார்கள் என்று யாருக்குத்தான் தோன்றாது? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இராணுவ வீரர்களுக்குச் சீருடை தைக்கும் ஆவடி ஓ.சி.எப். தொழிற்சாலை 2020-இல் அத்தகைய முழு அங்கிகளைத் தைத்துக் கொடுத்தது. மயான வாயிலில் மக்கள் கண்டு மிரண்ட உடையை ஆவடியில் நம் அயலாரே தையல் இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தனர். தைத்தவர்க்கு அச்சமில்லை, ஏனெனில் அது எதற்கென்று அவர்களுக்குத் தெரியும்.

மறைக்கல்வியில் நாம் படித்த உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு. பசித்தோர்க்கு உணவளித்தல் முதல் ஆறும் உயிரோடிருப்போர்க்கு. ஏழாவது இறந்தோரை அடக்கம் செய்தல். தோபித்து ஆகமத்தில், நினிவே நகரில் கொன்றெறியப்பட்ட தன் இனத்தாரை அரசனுக்கு அஞ்சாமல் இரவில் சென்று அடக்கம் செய்யும் தோபித்தைக் காண்கிறோம். அண்டைவீட்டார் அவரைப் பார்த்து நகைத்தனர் என்றும் அங்கே உள்ளது. 2020-இல் அந்த ஏழாம் செயலைச் செய்ய முன்வந்தோரில் குறிப்பிடத்தக்கவர்கள் யாரெனில், சில வாரங்களுக்கு முன் பழிக்கப்பட்ட அந்த முஸ்லிம் சகோதரர்களே. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் தொண்டர்கள், சொந்த உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பாராமல் அவரவர் முறைப்படி அடக்கமும் தகனமும் செய்தனர். நோன்பு நாள்களில் வெயிலில் அந்த அங்கிக்குள் நின்று செய்தனர். இதனை ஒரு கத்தோலிக்க மலரில் எழுதி வைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

சந்தையின் கதைக்கு வருவோம். ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு அடைப்பு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். 25-ஆம் தேதி சென்னை முழுவதும் கடைவீதிக்கு வந்துவிட்டது. நான்கு நாள் காய்கறிக்காகக் கோயம்பேட்டில் நெருக்கியடித்துக்கொண்ட கூட்டத்தில் நம் பகுதிச் சில்லறை வணிகர்களும் இருந்தனர். நோயைத் தடுக்க வந்த அறிவிப்பு நோயைப் பரப்பும் கூட்டத்தைக் கூட்டியது. சில நாள்களில் கோயம்பேட்டிலிருந்து திரும்பிய கூலியாள்கள், லாரிக்காரர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் சென்றது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. சில நாளில் காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசையில், துணைநகரத்திற்கென ஒதுக்கப்பட்ட வெட்டவெளியில் தொடங்கியது. திருமழிசை ஆழ்வார் பிறந்த அமைதியான ஊரில் இரவு முழுதும் லாரிகளின் விளக்கு. செப்டம்பர் 28 அன்று கோயம்பேடு மீண்டும் திறக்கப்படும் வரை அந்தத் தகரக் கொட்டகைகளில் மழையிலும் சேற்றிலும் மூட்டை தூக்கியவர்களைப் பற்றி எந்த மாலை அறிக்கையிலும் ஒரு வரியும் வந்ததாக நமக்கு நினைவில்லை.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சங்கு ஊதவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பட்டறைகளில் உழைத்த இளைஞர்கள் ஒரே அறையில் பலராகச் சமைத்துத் தின்று, ஊருக்கு இரயில் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தனர். ஜூன் மாதம் சென்னைக்கும் அண்டை மாவட்டப் பகுதிகளுக்கும் மீண்டும் முழு அடைப்பு, 19-ஆம் தேதி முதல், என்று அறிவித்தவுடன் நம்மவர்களே மூட்டை கட்டினர். திருநெல்வேலி, தூத்துக்குடி, திருவண்ணாமலை என்று அவரவர் பூர்வீக ஊருக்கு. சென்ற ஊர்களில் ‘சென்னைக்காரன் வந்துவிட்டான்’ என்று வேலி போட்டனர். அம்பத்தூரில் வேலி போட்டவர்க்கும் அவ்வூர்களில் வேலி காத்திருந்தது.

கோயில்களின் நிலையைச் சிறிது சொல்வோம். மக்களற்ற பீடத்தில் குரு தனியே திருப்பலி ஒப்புக்கொடுத்தார்; வீட்டில் மாதா தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ அதைக் கண்டோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 மார்ச் 27 மாலை மழையில் நனைந்த, ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று ஆசீர் அளித்ததைக் கண்டு கண்ணீர் விடாதவர் குறைவு. 1522-இல் பிளேக் நோயின்போது உரோமைத் தெருக்களில் பவனியாக எடுத்துச் சென்ற பாடுபட்ட சுருபத்தை அன்று அங்கே கொணர்ந்து வைத்திருந்தனர். 1576-இல் மிலான் நகரில் பிளேக் பரவி மக்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டபோது, பேராயர் புனித கார்லோ பொரோமேயு தெருச் சந்திகளில் பீடம் அமைத்து, மக்கள் சன்னல் வழியே திருப்பலி காணச் செய்தார். அன்று சன்னல், இன்று திரை. நானூறு ஆண்டுகளுக்கு முன்னும் ஊரடங்கு இருந்தது, அதற்கு ஒரு வழியும் கண்டிருந்தார்கள் என்றறிந்தபோது சிலருக்கு ஆறுதலாயிருந்தது. சென்னையில் மதுக்கடைகள் ஆகஸ்ட் 18 அன்றே திறந்தன. கோயில்கள் செப்டம்பர் 1 அன்று. எது இன்றியமையாதது என்ற அரசின் கணக்கை நாம் விமரிசிக்கப் போவதில்லை. தேதிகளை மட்டும் குறித்து வைக்கிறோம்.

2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலை வேறு விதமானது. மே 21 அன்று ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேருக்குத் தொற்று. முதல் ஆண்டில் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சினோம். இரண்டாம் ஆண்டில் பெயர்களைக் கேட்டு அஞ்சினோம். ஒரு தெருவில் இரண்டு, மூன்று வீடுகளில் அழுகை. மக்கள் மயான வாயிலில் மறியல் செய்ய வரவில்லை. உயிர்வாயு உருளைக்கும் படுக்கைக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றனர். சட்டத்திற்கு அஞ்சி அடங்கினர் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓராண்டில், நோயால் இறந்தவரைப் பக்கத்தில் புதைத்தும் பக்கத்துத் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்ணால் கண்டிருந்தனர். அந்த ஒரு பாடத்தை 2020 ஏப்ரலிலேயே யாராவது தெருத்தெருவாகச் சென்று சொல்லியிருக்கலாம்.

தடுப்பூசியிலும் இதே கதை. 2021 ஜனவரி 16 அன்று ஊசி போடத் தொடங்கினர். முதலில் கூட்டமில்லை. கருக்கலைப்போடு தொடர்புள்ள உயிரணுக்களைக் கொண்டு செய்தது என்று ஐயுற்ற பக்தர்களும் இருந்தனர். வேறு ஊசி கிடைக்காத நிலையில் இவற்றைப் போட்டுக்கொள்வது ஒழுக்க நெறிக்கு மாறானதன்று என்று உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரிலேயே விளக்கியிருந்தது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு பிறரையும் போட்டுக்கொள்ள அழைத்தார். 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வல்லுநர் குழு பிறகு கண்டது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் ஊசி முகாம்கள் வெறிச்சோடின. மே மாத மரணங்களுக்குப் பிறகோ, விடியற்காலையில் பள்ளிக்கூட வாசலில் கல்லை வைத்து வரிசைக்கு இடம் பிடித்தனர்.

கத்தோலிக்கருக்கு இந்த அலை மற்றொரு மனவேதனையையும் தந்தது. நம் மூத்தோர்க்கு உடலை எரிப்பதென்பது நினைத்தும் பார்க்கவொண்ணாதது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தகனத்தைத் தடை செய்திருந்தது. 1963-இல் உரோமை அத்தடையைத் தளர்த்தியது. எனினும் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகியும் பாட்டிமார்களின் மனம் தளரவில்லை. உயிர்த்தெழும் நாளில் எலும்பாவது வேண்டாமா என்பார்கள். 2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை மறைமாவட்டம், நோயால் இறந்தோரைக் கோயில் வளாகத்திலேயே தகனம் செய்து, சாம்பலைக் கல்லறையில் வைக்க வழி செய்தது. இங்கும் கல்லறை நிலத்தின் நெருக்கடி அறிந்ததே. புறநகரில் மனைவிலை ஏறஏற, கல்லறைத் தோட்டத்திற்கு இடம் கேட்டுப் போகும் எந்தப் பங்கிற்கும் அண்டை மனைக்காரரின் எதிர்ப்பே முதல் விடையாகக் கிடைக்கிறது. அதற்குக் கொள்ளைநோய் ஒன்றும் வேண்டியதில்லை. ஆகவே பல குடும்பங்கள், மருத்துவமனையிலிருந்து நேரே மாநகராட்சித் தகன மேடைக்குச் செல்ல இசைந்தன. சிலரிடம் இசைவே கேட்கப்படவில்லை. நால்வர் தூக்கினர், மகன் சாலையின் மறுபக்கம் நின்றான், குரு கைப்பேசியில் செபித்தார்.

2023 மே 5 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. நம் பகுதியில் அதனை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கோயில் வாயிலின் தீர்த்தத் தொட்டியில் தண்ணீர் ஊற்றத் தொடங்கி வெகுநாளாகியிருந்தது. திருவிழாவும் தேரும் நடந்தேறியிருந்தன.

இம்மலருக்காகப் பங்கின் இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று தென்பட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில், பூசைகளில் நாம் வழக்கமாகக் கண்டு வந்த பலருடைய பெயர்கள் அதில் இல்லை. காரணம் எளிது. அவர்களது உடல் கோயிலுக்கு வரவில்லை. நம் கல்லறைத் தோட்டத்திற்கும் வரவில்லை. குருவின் கையொப்பம் வேண்டியிருக்கவில்லை. மாநகராட்சிச் சான்றிதழில் அவர்கள் இறந்தவர்கள். நம் பதிவேட்டில் இன்னும் இறக்காதவர்கள். கல்லறைத் திருநாளில் வாசிக்கும் பட்டியலிலும் அவர்கள் வருவதில்லை.

அப்பெயர்களை ஏற்றுவதற்குப் பங்குத் தந்தை இசைந்துள்ளார். அவ்வாறு யாரையேனும் இழந்த குடும்பத்தார், ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் இறந்தவரின் திருமுழுக்குப் பெயர், இறந்த நாள், புதைத்த அல்லது எரித்த இடம் ஆகியவற்றைத் தெரிவிக்கலாம். இறப்புச் சான்றிதழ் கைவசமிருந்தால் நலம், இல்லையென்றாலும் வரலாம். சாம்பல் இன்னும் வீட்டிலேயே இருக்குமானால் அதையும் தயங்காமல் சொல்லலாம். வீட்டில் வைப்பதும் ஆற்றில் கரைப்பதும் வேண்டாம், மந்திரித்த இடத்திலேயே வைக்கவேண்டும் என்று 2016-இல் உரோமை அறிவுறுத்தியிருக்கிறது. அதற்கென நம் கல்லறைத் தோட்டத்தின் கீழ்ச்சுவரை ஒட்டி இடம் விட்டிருக்கிறோம்.